அருஸா, அத்திவாவா? மண்சாலையோரத்து ஆறு பேர் குடும்பத்துக்கு ஒரு பதில்

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய குடியிருப்பில் வீடு. பெரிய சாலையிலிருந்து வீடுவரை மூன்று கிலோமீட்டர் செம்மண் சாலை. நீங்கள், மனைவி, பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா என்று ஆறு பேர் ஒரே வீட்டில். தினமும் தாப்பாவுக்கு வேலைக்குப் போய் வர நாற்பது கிலோமீட்டர். பழைய மைவி கார் இனித் தாங்காது. கையில் இருக்கும் பணத்துக்கு, உள்நாட்டு நிறுவனமான பெரோடுவாவின் இரண்டு வண்டிகள் எட்டுகின்றன: அருஸில் அடிப்படை வகை, அல்லது அத்திவாவில் உச்ச வகை. “ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே விலை, இரண்டும் உயரமான வண்டி, எதை எடுத்தால் என்ன?” என்று உங்கள் மைத்துனர் கேட்கிறார். அப்பாவோ, “மண்சாலைக்கு அருஸ்தான் சரி” என்கிறார். இதுதானே விஷயம்?

உங்கள் வீட்டுக்கு அருஸ்தான். ஆனால் அப்பா சொல்லும் காரணத்துக்காக அல்ல. மண்சாலைக் கணக்கில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. வித்தியாசம் இருப்பது யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதில். அதை யோசிக்காமல் வாங்கியவர்கள்தான் இரண்டே வருடத்தில் பட்டறைக்கு வந்து, “அண்ணே, இதை விற்றால் என்ன கிடைக்கும்?” என்று கேட்கிறார்கள்.

மைத்துனரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான். பானெட்டைத் திறந்தால் உறவு அங்கேயே முடிந்துவிடுகிறது. அருஸ் 2019 ஜனவரியில் வந்தது. டொயோட்டா ரஷ், டைஹாட்சு தெரியோஸ் ஆகியவற்றோடு பிறந்த வண்டி. 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது. 102 குதிரைத்திறன், நான்கு கியர் ஆட்டோ, பின்சக்கரங்கள் தள்ளும் அமைப்பு, ஏழு இருக்கை. அத்திவா 2021 மார்ச்சில் வந்தது. டைஹாட்சு ராக்கி, டொயோட்டா ரைஸ் குடும்பம். 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ உண்டு. 98 குதிரைத்திறன், சிவிடி கியர் (படிகள் இல்லாமல் தொடர்ந்து மாறும் ஆட்டோ), முன்சக்கரங்கள் இழுக்கும் அமைப்பு, ஐந்து இருக்கை. அருஸின் நீளம் 4,435 மில்லிமீட்டர், அத்திவாவின் நீளம் 4,065. அதாவது முப்பத்தேழு சென்டிமீட்டர் வித்தியாசம். பீடோர் கடைத்தெருவில் சனிக்கிழமை காலையில் வண்டி நிறுத்த இடம் தேடியவருக்கு அந்த முப்பத்தேழின் அருமை தெரியும்.

இனி அந்த மூன்று கிலோமீட்டருக்கு வருவோம்.

அப்பாவின் மனத்தில் இருப்பது அருஸ் அல்ல, கெம்பாரா என்று நினைக்கிறேன். 1998இல் பெரோடுவா இறக்கிய அந்தச் சின்ன வண்டிக்கு நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்கும் அமைப்பு இருந்தது. தோட்டத்து ஆட்கள் அதைக் கொண்டாடியதற்கு அதுவே காரணம். மழை பெய்து முடிந்த மறுநாள், செம்பனைப் பழ லாரி உழுதுவிட்டுப் போன வரப்பிலும் அது ஏறி வந்துவிடும். அருஸைப் பார்த்ததும் அதே நினைவு வருவது இயல்புதான். முகமும் உயரமும் அப்படி. ஆனால் அருஸில் இயங்குவது இரண்டு பின்சக்கரங்கள் மட்டுமே. நான்கு சக்கரமும் இயங்கும் வகை இங்கே விற்பனைக்கே வரவில்லை. விற்பனையாளர் இதை மறைக்க மாட்டார். நீங்கள் கேட்காவிட்டால் அவராகச் சொல்லப் போவதும் இல்லை.

ஈரச் செம்மண்ணில் ஒரு வண்டி நகர்வதற்குத் தேவை, இயங்கும் சக்கரத்தின் மேல் எடை. அத்திவாவில் என்ஜினும் கியர்பெட்டியும் முன்சக்கரத்துக்கு மேலேயே இருக்கின்றன. எனவே ஓட்டுநர் மட்டும் தனியாகப் போகும்போது, சமதளச் சேற்றில் அது எளிதாக நகர்ந்துவிடும். அருஸில் என்ஜின் முன்னே, இயங்கும் சக்கரம் பின்னே. ஆள் இல்லாமல் வெற்று வண்டியாகப் போனால் பின்பக்கம் லேசாக இருக்கும். சேற்றில் பின்சக்கரம் சுழன்று, வால் பக்கவாட்டில் நழுவப் பார்க்கும். ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது கதை தலைகீழ். எடை முழுவதும் பின்னே சாயும். அருஸின் பின்சக்கரம் மண்ணைக் கவ்விக்கொண்டு ஏறும். அத்திவாவின் முன்சக்கரம் பிடி தளர்ந்து சுரண்டத் தொடங்கும். ஆக, நீங்கள் விடியற்காலையில் தனியாக வேலைக்குக் கிளம்பும்போது அத்திவா நல்லது. குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்விட்டு இரவு வீடு திரும்பும்போது அருஸ் நல்லது. இரண்டிலும் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு இருக்கிறது. அது கொஞ்சம் கைகொடுக்கும். அதை நம்பி வாய்க்காலில் இறங்க வேண்டாம்.

தரை இடைவெளி அருஸில் 220 மில்லிமீட்டர், அத்திவாவில் 200. இந்த இரண்டு சென்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டுதான் காப்பிக்கடையில் பாதி வாக்குவாதம் நடக்கிறது. இரண்டுமே வெற்று வண்டியின் அளவு என்பதை யாரும் கவனிப்பதில்லை. மூன்றாம் வரிசையில் ஆளும், பின்னால் மூட்டையும் ஏறினால் அருஸின் பின்பக்கம் நன்றாகவே தாழும். பட்டறையில் அருஸைத் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் ஒரே காட்சி: புகைக்குழாய்க்கும் அடிக்கட்டைக்கும் நடுவே காய்ந்த லாலாங் புல்லும், செங்கல் மாதிரி இறுகிப்போன செம்மண்ணும் அப்பியிருக்கும். லாரிச் சக்கரத் தடம் இரண்டுக்கும் நடுவில் எழும்பி நிற்கும் திட்டின் கைவரிசை அது. அந்தத் திட்டை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டு ஓட்டாமல், ஒரு சக்கரத்தைத் திட்டின் மேலேற்றி ஓட்டினால் எந்த வண்டியும் தப்பிக்கும். ஓட்டும் கைக்குத்தான் இருபது மில்லிமீட்டரைவிட மதிப்பு அதிகம்.

டயரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் முள் சாலையோரம் கிடக்கும். அது குத்தினால் டயரின் பக்கச்சுவர்தான் போகும், அங்கே ஒட்டுப்போட முடியாது. அருஸில் 215/60 அளவு, 17 அங்குலச் சக்கரம். அத்திவா உச்ச வகையில் 205/60, அதுவும் 17 அங்குலம். அத்திவாவின் அடிப்படை வகையில் மட்டும் 16 அங்குலச் சக்கரத்தோடு 205/65 டயர் வருகிறது. பக்கச்சுவர் ஒரு சென்டிமீட்டர் உயரம் அதிகம், கல்லில் விழும்போது மெத்தென்று இருக்கும், மாற்றும் விலையும் குறைவு. மண்சாலைக்காரர் யாராவது அத்திவாதான் வேண்டுமென்று முடிவு செய்தால், இந்தச் சக்கரக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அழகுக்காகப் பெரிய சக்கரம் வாங்குவது நகரத்துக்குச் சரி.

ஆக, மண்சாலையைப் பொறுத்தவரை அருஸுக்கு ஒரு மாற்று கூடுதல், அவ்வளவுதான். அதற்காக மட்டும் ஒருவர் அருஸ் வாங்கினால் நான் தடுப்பேன்.

உங்களைத் தடுக்காததற்குக் காரணம், அப்பாவும் அம்மாவும் உங்களோடு ஒரே வீட்டில் இருப்பது. ஏழு இருக்கை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் வரும் உறவினர்களை நினைத்து வாங்குகிறார்கள். வருடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய நாள்களுக்காக, மற்ற நாளெல்லாம் காலி இருக்கையைச் சுமந்துகொண்டு பெட்ரோல் எரிக்கிறார்கள். உங்களுக்கு அப்படியில்லை. வெள்ளிக்கிழமை கோயில், அம்மாவின் மருத்துவமனைத் தேதி, ஞாயிறு சந்தை என்று வாராவாரம் ஐந்துக்கு மேல் ஆள் ஏற வேண்டியிருக்கும். அத்திவா வாங்கினால் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் வீட்டில் தங்க வேண்டும், அல்லது பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது மனக்கசப்பு. இரண்டாவது ஆபத்து, சட்டத்துக்கும் விரோதம். யார் தங்குவது என்ற பேச்சு வந்தால், “நீங்கள் போய்விட்டு வாருங்கள், எனக்கு என்ன வேலை அங்கே” என்று முதலில் சொல்வது பெரும்பாலும் வீட்டில் வயதானவராகத்தான் இருப்பார். அதற்காக ஒரு வண்டி வாங்க வேண்டுமா?

ஆனால் அருஸின் இருக்கைகளிலும் சிக்கல் உண்டு. கடையில் வைத்து யாரும் சொல்லித்தராத சிக்கல். 2020 ஜனவரி முதல் மலேசியாவில் சிறு பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். உங்கள் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது வேண்டும். அருஸின் மூன்றாம் வரிசைக்குப் போக, இரண்டாம் வரிசை இருக்கையை மடித்து முன்னே கவிழ்க்க வேண்டும். மேலே பிள்ளை இருக்கை மாட்டியிருந்தால் அது கவிழாது. எனவே பிள்ளை இருக்கையை ஓட்டுநருக்குப் பின்னால், வலப்பக்கம் மாட்டுங்கள். சாலையோரம் இறங்கும் இடப்பக்கம் காலியாக இருக்கட்டும். பெரிய பிள்ளை அந்த வழியாக மூன்றாம் வரிசைக்கு ஏறிக்கொள்ளும். பிறகு இருக்கையை நிமிர்த்தி அம்மா இடப்பக்கமும், உங்கள் மனைவி நடுவிலும் உட்காரலாம். வண்டியின் அகலம் 1,695 மில்லிமீட்டர்தான். பிள்ளை இருக்கைக்குப் பக்கத்தில் நடுவில் உட்காருவது சொகுசாக இருக்காது. தாப்பாவரை சரி. ஈப்போவுக்குப் போனால் வழியில் ஒருமுறை மனைவியும் பெரிய பிள்ளையும் இடம் மாற்றிக்கொள்ளட்டும். மூன்றாம் வரிசை இரண்டாகப் பிரிந்து மடியும். ஒரு பாதியில் பிள்ளை, மறுபாதியை மடித்து அங்கே பைகள். இரண்டு பாதியையும் நிமிர்த்திவிட்டால் பின்கதவுக்கும் இருக்கைக்கும் நடுவே பத்துக் கிலோ அரிசி மூட்டையும் இரண்டு கைப்பைகளும் போகும், அதற்கு மேல் கனவு காண வேண்டாம். பொங்கலுக்குக் கரும்புக் கட்டு வாங்குகிறவர்கள் அதைக் கூரையில் கட்டுவதே உத்தமம்.

அப்பாவின் முழங்கால் வலியைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. அருஸின் தரைத்தளம் உயரம். காலைத் தூக்கி வைத்து, உடம்பைத் தூக்கி ஏற வேண்டும். அத்திவாவில் ஏறுவது அவருக்கு எளிது, இடுப்பு மட்டத்தில் இருக்கை வந்துவிடும். உங்கள் முடிவைக் கலைக்கக்கூடிய ஒரே காரணம் இது. அப்பாவை நேரில் அழைத்துப் போய் முன் இருக்கையில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். அவர் கௌரவத்துக்காக, “பரவாயில்லை, முடிகிறது” என்பார். முகத்தைப் பாருங்கள். ஒரு கையால் கதவையும் மறு கையால் டாஷ்போர்டையும் பிடித்துக்கொண்டு ஏறினால் பரவாயில்லை. இறங்கும்போது கால் தரையைத் தொடுமுன் உடம்பு சரிந்தால் பரவாயில்லை என்று விடாதீர்கள். பக்கவாட்டுப் படி பொருத்தித் தருகிறோம் என்பார்கள். மண்சாலையில் அந்தப் படிதான் முதலில் திட்டில் இடிக்கும், சேறு படிந்தால் வழுக்கவும் செய்யும். வீட்டு வாசலில் ஒரு தாழ்வான மரப்பலகை போட்டு வைப்பது அதைவிட நல்ல ஏற்பாடு.

குளிர்சாதனத்தில் அருஸுக்கு முழு மதிப்பெண். இரண்டாம் வரிசைக்கு மேலே, கூரையில் தனி விசிறியோடு காற்று வரும் துளைகள் உண்டு. அத்திவாவில் பின்னால் உட்காருகிறவர்களுக்கென்று தனித் துளையே இல்லை. மதியம் ஒரு மணிக்கு வெயிலில் நின்ற வண்டியில் பின்னால் மூவர் ஏறினால், குளிர் அவர்களை எட்ட நேரம் பிடிக்கும்.

சாலையில் ஓட்டும் சுகத்துக்கு வந்தால் அத்திவா வெகு தூரம் முன்னே நிற்கிறது, இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அதன் டர்போ என்ஜின் 140 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை நிமிடத்துக்கு 2,400 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. அருஸ் 133 கொடுக்கிறது, அதுவும் 4,200 சுற்றுக்குப் போனபிறகு. அருஸ் ஏறக்குறைய 1,300 கிலோ. அத்திவா அதைவிடக் கால் டன்னுக்கு மேல் இலகு. பீடோருக்கும் தாப்பாவுக்கும் நடுவில் பழைய முதலாம் எண் சாலையில் மரக்கட்டை லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டால் இதன் பொருள் விளங்கும். அத்திவாவில் மிதித்த உடனே வண்டி பாயும். அருஸில் மிதித்தால் கியர் ஒன்று கீழே இறங்கும், என்ஜின் சத்தம் போடும், அதன்பிறகு வேகம் வரும். எனவே எதிரே நன்றாகக் காலி இருந்தாலொழிய முந்தாதீர்கள். மைவியில் பழகிய கை முதல் மாதம் இதில் ஏமாறும்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் பழைய 59ஆம் எண் சாலையில் ஏறினால் வித்தியாசம் இன்னும் தெரியும். அங்குள்ள தானா ராத்தா ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறையும். டர்போ இல்லாத என்ஜின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வலுவை அங்கே இழந்துவிடும். டர்போ அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டும். போதாக்குறைக்கு, வளைவுக்கு வளைவு அருஸின் உயரமான உடம்பு சாயும். மூன்றாம் வரிசைப் பிள்ளை வழியிலுள்ள ரிங்லெட் வருவதற்குள் வாந்தி எடுக்கும். எலுமிச்சை, பிளாஸ்டிக் பை இரண்டும் கையில் இருக்கட்டும். திரும்பி இறங்கும்போது எந்த வண்டியானாலும் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் கீழ் கியரில் இறங்குங்கள்.

காலி வண்டியாக ஓட்டும்போது அருஸ் குலுக்கும். பின்னால் திடமான அச்சு, சுமைக்கென்று இறுக்கிய ஸ்பிரிங். நான்கு பேர் ஏறினால் அதே வண்டி அமைதியாகிவிடும். சோதனை ஓட்டத்துக்குத் தனியாகப் போகிறவர்கள் எல்லாரும் அருஸை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது என்னையே தயங்க வைக்கும் ஒரு விஷயம். நீங்கள் ஒப்பிடுவது அருஸின் அடிப்படை வகையையும் அத்திவாவின் உச்ச வகையையும். இது நியாயமான ஒப்பீடு அல்ல, ஆனால் பணம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. அறிமுக விலையில் அருஸ் 72,900 வெள்ளியிலும் (ரிங்கிட்) அதன் மேல்வகை 77,900 வெள்ளியிலும் தொடங்கின. அத்திவா விற்பனை வரி விலக்குக் காலத்தில் 61,500 முதல் 72,000 வரை. இரண்டு வண்டிகளிலும் எல்லா வகைக்கும் ஆறு காற்றுப்பைகள் உண்டு, சறுக்கல் கட்டுப்பாடும் உண்டு. ஆனால் முன்னால் போகும் வண்டி திடீரென்று நின்றால் எச்சரித்து, தானே பிரேக் பிடிக்கும் வசதி அத்திவாவில் எல்லா வகையிலும் வருகிறது. அருஸில் அது மேல்வகைக்கு மட்டும். அத்திவா உச்ச வகையில் கூடுதலாக, பக்கத்தில் கண்ணுக்குப் படாமல் வரும் வண்டியைக் கண்ணாடியில் விளக்கெரித்துக் காட்டும் வசதியும், நெடுஞ்சாலையில் முன்வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் இருக்கின்றன.

இது வெறும் ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். பீடோர் மாதிரி ஊரில் பின்விளக்கு இல்லாத மோட்டாரும், இடப்பக்கம் புகுந்து வரும் பள்ளிப் பிள்ளைகளும் அன்றாடக் காட்சி. உங்களால் எப்படியாவது ஐயாயிரம் வெள்ளி கூடுதலாகப் புரட்ட முடிந்தால் அருஸின் மேல்வகைக்குப் போங்கள். தோல் இருக்கைக்காகவோ பெரிய திரைக்காகவோ அல்ல, அந்தப் பிரேக் வசதிக்காக. அதே ஐயாயிரத்தை விளக்குப் பட்டி, ஜன்னல் மழைத்தடுப்பு, கூரைக் கம்பி என்று அலங்காரத்தில் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். விற்பனையாளர் அந்த அலங்காரப் பட்டியலைத்தான் முதலில் நீட்டுவார்.

பணக் கணக்கை விரைவாக முடிப்போம், ஏனென்றால் இங்கே பலர் தேவையில்லாமல் நெடுநேரம் செலவழிக்கிறார்கள். நிறுவனம் சொல்லும் பெட்ரோல் கணக்கை ஒதுக்கி வையுங்கள். நம் பக்கத்துச் சாலையில் அருஸ் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், அத்திவா பதினைந்து என்று வைத்துக்கொள்ளலாம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால் 125 லிட்டரும் 100 லிட்டரும் ஆகும். 2025 செப்டம்பர் இறுதியில் அரசாங்கம் நடைமுறைப்படுத்திய மானிய விலையான 1.99 வெள்ளிக்குப் போட்டால், இருபத்தைந்து லிட்டர் வித்தியாசம் ஐம்பது வெள்ளிக்குள் அடங்குகிறது. சாலை வரியில் அத்திவாவின் 998 சிசி மிகக் கீழ்ப் படியில் இருப்பதால் வருடத்துக்கு இருபது வெள்ளி மட்டுமே. அருஸுக்கு அதைவிட அதிகம், ஆனால் ஒரு குடும்பச் சாப்பாட்டுச் செலவுதான். இந்த இரண்டையும் வைத்து எழுபதாயிரம் வெள்ளி வண்டியைத் தேர்ந்தெடுக்கக்கூடாது.

கவனிக்க வேண்டியது கடன் காலம். 72,000 வெள்ளி வண்டிக்குப் பத்து விழுக்காடு முன்பணம் கட்டினால் 64,800 கடன். வருடாவருடம் முழுக் கடன் தொகைக்கும் நிலையான வட்டி மூன்று விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஒன்பது வருடத்துக்கு மாதம் 762 வெள்ளி. ஏழு வருடத்துக்கு 933. ஒன்பது வருடம் இழுத்தால் கூடுதல் வட்டி 3,888 வெள்ளி. அருஸின் மேல்வகைக்குத் தேவைப்படும் ஐயாயிரத்தில் பெரும்பகுதி இந்த வட்டியிலேயே ஒளிந்திருக்கிறது பாருங்கள். மாதத் தவணையை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது: பெரோடுவாவின் அல்சா. 2022இல் வந்த புதிய அல்சாவும் ஏழு இருக்கை, அதே 1.5 லிட்டர் என்ஜின் குடும்பம், ஆனால் முன்சக்கரம் இழுக்கும், சிவிடி கியர். உள்ளே அருஸைவிட இடம் தாராளம், ஏறுவதும் இறங்குவதும் எளிது, பெட்ரோலும் குறைவு. தரை இடைவெளி மட்டும் 160 மில்லிமீட்டர். வீடுவரை தார்ச்சாலை இருந்திருந்தால் இரண்டையும் மறந்துவிட்டு அல்சா வாங்குங்கள் என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன். அந்த மூன்று கிலோமீட்டருக்கு நகராண்மைக் கழகமோ தோட்டமோ தார் போடப்போகிறது என்று உறுதியான பேச்சு ஏதும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தேர்தல் நேரத்துப் பேச்சைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பராமரிப்பில் இரண்டும் சிரமம் தராத வண்டிகள். இரண்டு என்ஜினிலும் டைமிங் செயின்தான், குறிப்பிட்ட தூரத்தில் பெல்ட் மாற்றும் செலவு கிடையாது. அருஸில் பின்அச்சுக்கென்று தனி எண்ணெய் இருக்கிறது. முன்சக்கர வண்டி ஓட்டிப் பழகியவர்கள் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் தேங்கிய சாலையில் அடிக்கடி போகிறவர்கள் அதைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. அத்திவாவின் டர்போவுக்கு என்ஜின் எண்ணெயைத் தள்ளிப்போடக்கூடாது. “இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்” என்ற பழக்கம் மைவியில் செல்லும், டர்போவில் செல்லாது. செம்மண் புழுதிக்குக் காற்று வடிகட்டியை நகரத்து வண்டியைவிட முன்னதாகவே மாற்ற வேண்டும், இது இரண்டுக்கும் பொருந்தும். பின்சக்கர பிரேக் இரண்டிலும் டிரம் வகை. உள்ளே புழுதி சேர்ந்து கீச்சிட்டால் பயப்படாதீர்கள், கழற்றித் துடைத்தால் போதும்.

காப்புறுதி எடுக்கும்போது வெள்ள அபாயத்துக்கான கூடுதல் காப்பையும் சேர்த்துக் கேளுங்கள். முழுக் காப்புறுதி என்று பெயர் இருந்தாலும் வெள்ளம், புயலில் மரம் விழுதல் போன்றவை அதில் தானாக அடங்காது. தனியாகச் சேர்க்க வேண்டும். தோட்டத்து வாய்க்கால் நிரம்பினால் உங்கள் மூன்று கிலோமீட்டரில் முதலில் முழுகும் இடம் எதுவென்று உங்களுக்கே தெரியும்.

கடைசியாகச் செய்ய வேண்டியது. அடுத்த சனிக்கிழமை ஆறு பேருமாகப் போங்கள். பிள்ளையின் இருக்கையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அருஸில் அதை வலப்பக்கம் மாட்டி, பெரிய பிள்ளையைப் பின்னால் ஏற்றி, அம்மாவை இடப்பக்கம் உட்காரவைத்து, அப்பாவை முன்னே ஏற்றுங்கள். ஆறு பேரோடு பெரிய சாலையில் ஓட்டிப் பாருங்கள். தனியாக ஓட்டிவிட்டு முடிவு செய்யாதீர்கள். அப்பா ஏறி இறங்கச் சிரமப்படவில்லையென்றால் அருஸுக்கு முன்பணம் கட்டிவிடுங்கள், மேல்வகைக்கு முடிந்தவரை முயலுங்கள். அவருக்கு முடியவில்லையென்றால் அல்சாவை உங்கள் மண்சாலையில் ஓட்டிப் பார்க்கக் கடையில் அனுமதி கேளுங்கள். ஓட்டும்போது அடியில் எங்கே உரசுகிறது என்று மைத்துனரை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு பேசியவருக்கு ஒரு வேலையும் இருக்கட்டும்.